தேடியதேட்டம்: யாழ்ப்பாணத் தேசவழமையில் மணமுறிவும் பொருட்பங்கீடும்

தமிழர்தம் இல்வாழ்வை ஆராயப் புகுவார் பெரும்பாலும் இலக்கியத்தையும் கல்வெட்டையுமே சான்றாக நாடுவர். சட்டத் தொகுதிகளும் வழக்குத் தீர்ப்புகளும் வழக்கறிஞர்க்கே உரியன என விலக்கப்படுகின்றன. இவ்வாறு விலக்குதல் தமிழாய்வுக்கு இழப்பாகும் என்பது நம் கருத்து. கணவனும் மனைவியும் ஒன்றியிருக்கும் காலத்தில் எப்பொருள் எவருடையது என்னும் கேள்வி எழுவதில்லை. இறப்போ பிரிவோ நேரும்போதே அஃது எழுகின்றது. எழுந்த கேள்விக்கு அவ்வக்காலத்தார் கூறிய விடை ஓலையிலும் உறுதியிலும் தீர்ப்பிலும் பதிந்து கிடக்கின்றது. அவ்விடையைத் தாங்கி நிற்பனவோ சொற்கள். சொற்களை ஆராயும் கடமை நம்முடையது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமாகிய தேசவழமையில் பயிலும் 'தேடியதேட்டம்' என்னும் தொடர். இருவர்க்கும் பொதுவானது என்னும் பொருளில் நெடுங்காலம் வழங்கிய இத்தொடர், 1947-இல் செய்யப்பெற்ற ஒரு சட்டத் திருத்தத்தால் அப்பொருளை இழந்தது. அவ்விழப்பின் விளைவு மணமுறிவிலேதான் முழுமையாகத் தெரிகின்றது. பெண்ணின் உடைமையைக் காக்கும் வகையில் எழுந்த ஒரு திருத்தம் மணமுறிந்த பெண்ணின் பாதிப் பங்கை எங்ஙனம் எடுத்துச் சென்றது என்பதை ஆராய்வோம்.

முதற்கண் நூல் வரலாறு. யாழ்ப்பாண அரசு 1619-இல் போர்த்துக்கேயர் கைப்பட்டது. அவர்களிடமிருந்து 1658-இல் ஒல்லாந்தர் அதனைக் கவர்ந்தனர். நாட்டு வழக்கு இன்னதெனத் தெரியாமல் வழக்குத் தீர்த்தல் இயலாமையின், ஆளுநர் கொர்னேலிசு யோவான் சைமன்சு என்பார் 1706-இல் அவ்வழக்கங்களைத் தொகுக்குமாறு பணித்தார். அப்பணியை ஏற்றவர் யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாசு ஈசாக்சு. முப்பத்தேழு ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்து பெற்ற பட்டறிவைக்கொண்டு அவர் தொகுத்து, 1707 சனவரியில் ஒல்லாந்த மொழியில் நூலை முடித்தளித்தார். யான் பீருசு என்பார் அதனைத் தமிழாக்கினார். அத்தமிழாக்கத்தைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து, நாட்டு வழக்கோடு ஒத்ததெனச் சான்றளித்தனர். அவ்வாண்டு இறுதியில் அது நீதிமன்றங்கட்கு அனுப்பப்பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதி இத்தொகுப்புக்குச் சட்ட வலிமை தந்தது. அவ்விதி யாழ்ப்பாணத் தமிழரை 'மலபார்க் குடிகள்' என்றே குறிக்கின்றது. ஐரோப்பியர் தமிழரை அப்பெயரால் அழைத்த காலம் அது. 1862-இல் எச். எப். முத்துக்கிருட்டிணா இத்தொகுப்பைத் தீர்ப்புகளோடு சேர்த்துப் பதிப்பித்தார். எச். டபிள்யூ. தம்பையா அவர்களின் ஆராய்ச்சி நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெளிவந்தன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தமிழர் வாயால் சொல்லி, ஒல்லாந்தர் கையால் எழுதி, தமிழிற் பெயர்த்து, மீண்டும் ஆங்கிலத்திற் பெயர்த்து, அவ்வாங்கிலமே நீதிமன்றத்தில் நிலைபெற்ற நூல் இது. இத்தனை மாற்றங்கட்கு இடையிலும் மூன்று சொற்கள் பெயர்க்கப்படாமலே நின்றன. கணவன் கொணரும் மரபுவழிச் சொத்து முதுசம். மனைவி கொணர்வது சீதனம். மணவாழ்வில் இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். ஆங்கிலப் பெயர்ப்பில் முதுசம் 'மொதேசியம்' என்று உருத்திரிந்து காணப்படுகின்றது. எனினும் சொல் போகவில்லை. தமக்கு நிகரான சொல் கிடைத்திருப்பின் பெயர்ப்பாளர் அதனை இட்டிருப்பர் என்றே நாம் கருதுகின்றோம்.

முதுசம் என்பது முதுசொம் என்பதன் மரூஉ. சொம் என்பது சொத்து. முன்னோர்வழி வந்த பழஞ்சொத்து என்பது பொருள். சீதனம், பெண்ணின் பொருளைச் சுட்டும் 'ஸ்திரீதனம்' என்னும் வடசொல்லின் திரிபு. இவ்விரண்டும் பெயர்ச்சொற்கள், ஒருவரிடம் ஏற்கெனவே இருப்பதைக் காட்டுவன. தேடியதேட்டமோ வினையடியாகப் பிறந்தது. தேடுதல் என்பது காணாததை நாடுதல் என்னும் பொருளோடு பொருளீட்டுதல் என்னும் பொருளும் உடையது. ஔவையாரின் கொன்றைவேந்தனில் இப்பொருளாட்சி உண்டு. அவ்வினையினின்றும் தேட்டம் என்னும் தொழிற்பெயர் ஆகுபெயராய் ஈட்டிய பொருளைக் குறித்தது. அதன்முன் 'தேடிய' என்னும் பெயரெச்சம் நின்று அதனையே மீண்டும் அடுக்குகின்றது. தேட்டம் என்றாலே தேடியது என்பது பெறப்படுமன்றோ. பின்னும் 'தேடிய' என்பது எதற்கு? வந்துசேர்ந்த பொருளினின்றும் உழைப்பால் வந்த பொருளைப் பிரித்துக் காட்டுதற்கே என்க.

இத்தொடரில் எழுவாய் இல்லை என்பதும் நோக்கற்பாலது. யார் தேடியது? அவன் தேடியதா, அவள் தேடியதா? தொடர் அதனைக் கூறவில்லை. முதுசத்தைச் சொன்னால் கணவன் நினைவுக்கு வருவான். சீதனத்தைச் சொன்னால் மனைவி. தேடியதேட்டத்தைச் சொன்னால் ஒருவரும் தனியே நினைவுக்கு வாரார். பழைய வழக்கும் அவ்வாறே நடந்தது. தொகுப்பு கூறும் மிகப் பழைய முறையில் முதுசம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சேரும். தேட்டம் ஆண், பெண் இருபாலார்க்கும் ஒப்பப் பகிரப்படும். போர்த்துக்கேயர் காலத்தில், தொன் பிலிப்பு மசுக்கரேஞ்ஞசு ஆட்சி நடத்திய நாளில், இம்முறை தளர்ந்து, மகளுக்குச் சீதனம் கொடுக்கும் தந்தை முதுசம், மனைவியின் சீதனம், தேட்டம் ஆகிய எதிலிருந்தும் கொடுக்கலாயினான் என்று தொகுப்பே கூறுகின்றது. வழக்கம் என்றால் மாறாதது என்று எண்ணுவார்க்கு இக்குறிப்பு ஒரு தடை.

இனி மணமுறிவு பற்றித் தொகுப்பு யாது கூறுகின்றது என்று காண்போம். மரபுரிமையும் சீதனமும், மகவேற்பு, நிலவுடைமை, நன்கொடை, ஈடு, விலங்கு வாடகை, விற்பனை, அடிமை, வட்டிக்கடன் எனப் பலவற்றை வகுத்துப் பேசும் அந்நூலில் மணமுறிவு என்றொரு தலைப்பு இல்லை. ஏர் மாட்டை வாடகைக்கு விடுதற்கு விதி கூறியவர் மனைவியைப் பிரிதற்கு விதி கூறாது விட்டது வியப்பே.

ஆயினும் நன்கொடைப் பகுதியில், வேறொன்றைச் சொல்லப் புகுந்த இடத்தில், நமக்கு வேண்டிய குறிப்பொன்று கிடைக்கின்றது. கருத்து வேறுபாட்டால் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வராயின், மக்கள் பெரும்பாலும் தாயின் பக்கம் சார்ந்து அவளோடு தங்குவதே காணப்படுகின்றது என்றும், அந்நிலையில் மனைவியின் சீதனத்தில் எப்பகுதியையும் பிறர்க்கு வழங்கக் கணவனுக்கு உரிமையில்லை என்றும் அங்குக் கூறப்படுகின்றது. இணங்கி வாழும் காலத்தில் அவன் அதில் சிறிது கொடுக்கலாம். தன் முதுசத்திலோ பத்திலொரு பகுதியை மனைவி மக்களைக் கேளாமலே கொடுக்கலாம். பிரிவு நேர்ந்தவுடன் சீதனத்தின்மேல் கணவனுக்கிருந்த கை விலகுகின்றது என்பது இதனால் தெளிவு. அது அவளுடையதாகவே இருந்தது, இணக்கம் நிலவிய வரையில் அவன் கை அதன்மேல் இருந்தது, அவ்வளவே.

தேட்டத்தின் நிலையை அறிய மற்றோரிடத்தை நோக்கவேண்டும். மனைவி இறந்தபின் கணவன் மறுமணம் செய்ய விரும்பின், முதல் மனைவியின் பெற்றோர் குழந்தைகளை வளர்க்க அழைத்துக்கொள்வர். அப்போது அவன் அவள் கொணர்ந்த சீதனம் முழுவதையும், முதல் மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் சரிபாதியையும் குழந்தைகளோடு ஒப்படைத்தல் வேண்டும். ஒரு குடும்பம் கலையும்போது கணக்குத் தீர்க்கும் முறை இங்கே முழுமையாக உள்ளது. அவனது அவனுக்கு, அவளது அவள்வழிக்கு, இருவர் தேடியது இரண்டு கூறு. கலைத்தது சாவு என்பதே வேறுபாடு. மணமுறிவுக்கு இதே கணக்கை நீட்டிக்கப் பின்வந்தார்க்குப் புதுமை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தேட்டத்தின் பொதுமை ஒல்லாந்தரிடமிருந்து வந்ததோ என்று ஐயுறுவார் உளர். உரோம-ஒல்லாந்தச் சட்டத்தில் மணத்தோடு கணவன் மனைவியர் சொத்து ஒன்றாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அங்கே ஒன்றாவது எல்லாச் சொத்தும். மணத்துக்கு முன் இருந்ததும் பின் வந்ததும் ஒருங்கே கலக்கும். தேசவழமையிலோ முதுசமும் சீதனமும் கலவாமல் நிற்க, இடையில் ஈட்டியது மட்டும் கலக்கின்றது. அயலார் வழக்கின் செல்வாக்கு நூலில் இல்லை என நாம் சாதிக்கவில்லை. சீதன ஓலையைக் குறிக்கும் இடத்தில் 'தோத்தி' என்னும் போர்த்துக்கேயச் சொல்லே புகுந்துள்ளது. ஆயினும் தேட்டத்தின் பொதுமைக்கு ஒல்லாந்து வரையில் செல்லவேண்டிய தேவை நமக்குத் தோன்றவில்லை. ஒருவர் புகையிலைத் தோட்டத்தில் நீரிறைக்க, மற்றவர் வீட்டையும் மாட்டையும் நெல்லையும் காக்க, ஆண்டு முடிவில் கையில் நின்ற பணத்தை யாருடையது என்று பிரித்தல் அரிது. பிரிக்க இயலாததைப் பொதுவென்றனர்.

பொது என்றாலும் கைப்பிடி கணவனிடமே இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. தேட்டத்தைக் காப்பவனும் நடத்துபவனும் அவனே. மணவாழ்வு நிலவும்போது அவளைக் கேளாமல் அதனை விற்கவும் ஈடுவைக்கவும் அவனால் இயன்றது. இலவசமாகக் கொடுத்தால்மட்டும் அவள் பாதி போகாது. எனவே பிரிவை முன்னரே எண்ணிய கணவன் ஒருவன் தேட்டத்தை விற்றுக் காசாக்கிக் கரைத்துவிடுதல் எளிது. பழைய முறையைப் போற்றிப் பேசுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் பொதுச் சட்டம் வேறு வழியிற் சென்றது. 1876-ஆம் ஆண்டின் 15-ஆம் கட்டளைச் சட்டம், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பொதுவுடைமையை அதன்பின் மணந்தார்க்கு நீக்கியது. யாழ்ப்பாணத் தமிழரை அது தொடவில்லை. அவர்கட்கெனத் தனியே 1911-இல் யாழ்ப்பாண மணவுரிமை மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன் 19-ஆம் பிரிவு தேட்டம் யாது எனக் கூறிற்று: மணவாழ்வு நிலவுங்கால் கணவனோ மனைவியோ விலைகொடுத்துப் பெற்ற சொத்தும், அவர்தம் சொத்துகளினின்றும் அக்காலத்தில் வந்த வருவாயும் தேட்டமாகும். 20-ஆம் பிரிவு, ஒருவர் பெயரால் பெறப்பட்டு ஒருவர் பெயரிலேயே இருப்பினும் தேட்டத்துக்கு இருவரும் ஒப்ப உரியர் என்றது. பின்னும் ஒரு படி சென்று, மணம் முறிந்தாலும் நீதிமன்ற ஆணையால் பிரிந்து வாழ நேர்ந்தாலும் ஒவ்வொருவரும் தமக்கெனப் பாதியைக் கொள்வர் என்று விதித்தது. ஈசாக்சின் தொகுப்பு சொல்லாது விட்டதை இச்சட்டம் எழுத்தில் வைத்தது.

மணமுறிவுக்குரிய காரணங்கள்மட்டும் தேசவழமைக்குள் இல்லை. 1907-ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் யாவர்க்கும் வகுத்த பிறன்மனை நயத்தல், தீய எண்ணத்தோடு கைவிடுதல், மணக்கும்போதே இருந்த தீராத ஆண்மையின்மை என்பனவே யாழ்ப்பாணத்தார்க்கும் காரணங்கள். ஆகவே பிரிவது நாட்டுச் சட்டத்தால். பகிர்வது ஊர்ச் சட்டத்தால். இவ்விரட்டை நிலையைக் கருத்திற் கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். மனைவி நான்கு பரப்பு வீட்டுவளவும் ஆயிரம் ரூபாய்க் காசும் சீதனமாகக் கொணர்கின்றாள். கணவனுக்குப் பத்துப் பரப்புத் தோட்டம் முதுசம். தோட்ட வருவாயைக்கொண்டு அவன் பெயரில் எட்டுப் பரப்பும், அவள் சீதனக் காசைக்கொண்டு அவள் பெயரில் இரண்டு பரப்பும் வாங்குகின்றனர். பிள்ளைகளை வளர்ப்பதும் சமைப்பதும் மாடு பார்ப்பதும் புகையிலை உலர்த்தக் கைகொடுப்பதும் அவள் வேலை. பதினைந்து ஆண்டுகட்குப்பின் மணம் முறிகின்றது. 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுவளவு அவளுக்கு, பத்துப் பரப்பு அவனுக்கு. எட்டுப் பரப்புக்கு உறுதி அவன் பெயரில் இருப்பினும் அதில் நான்கு அவளுடையது. இதுவரையில் ஐயமில்லை. சீதனக் காசால் வாங்கிய இரண்டு பரப்பு எவருடையது என்பதிலேதான் சிக்கல். காசு சீதனம், நிலமும் சீதனமா?

முன்னர் நீதிமன்றம் சீதனமே என்று கொண்டது. ஆனால் 1933-இல் உயர் நீதிமன்றத்தின் விரிந்த ஆயம் அக்கொள்கையை மாற்றியது. சட்டம் 'விலைகொடுத்துப் பெற்ற சொத்து' என்று மட்டும் கூறுகின்றது. விலை எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. ஆதலின் சீதனக் காசால் வாங்கினும் அது தேட்டமே என்று தீர்ந்தது. சட்டச் சொற்களின் நேர்ப்பொருள் அதுவே என்பதை மறுக்க இயலாது. ஆயினும் விளைவு கொடிது. தந்தை மகளுக்கென்று கொடுத்த காசு நிலமாக மாறியவுடன் பாதி மருமகனுடையதாயிற்று. அத்தோடு தேட்டம் என்றதனால் மணவாழ்வில் பட்ட கடன்களுக்கும் அந்நிலம் பொறுப்பாகும். சீதனத்துக்கு அரணாக இருந்த எல்லை அழிந்தது கண்டு யாழ்ப்பாணத்தார் திருத்தம் வேண்டியதில் வியப்பில்லை.

திருத்தம் 1947-இல், அவ்வாண்டின் 58-ஆம் கட்டளைச் சட்டமாக வந்தது. அது 19-ஆம் பிரிவைப் புதுக்கி, ஒருவர் தம் தனிச்சொத்தைக்கொண்டு வாங்கியது தேட்டமாகாது என்று தெளிவாக்கியது. நம் குடும்பத்தில் இரண்டு பரப்பு முழுவதும் அவளுக்கு மீண்டது. இதனோடு நின்றிருந்தால் திருத்தம் திருத்தமாகவே இருந்திருக்கும்.

நிற்கவில்லை. பழைய பிரிவு 'கணவன் அல்லது மனைவியின்' என்று தொடங்கித் தேட்டத்தை இருவர்க்கும் பொதுவாக்கியது. புதிய பிரிவோ ஒரு துணைவர் பெற்றதை அத்துணைவரின் தேட்டம் என்று பெயரிட்டது. வருவாயும் அவ்வாறே, எவருடைய தனிச்சொத்து வருவாய் தந்ததோ அவருடைய தேட்டம். 20-ஆம் பிரிவிலிருந்து 'இருவரும் ஒப்ப உரியர்' என்னும் கூற்று மறைந்தது. மணமுறிவில் பாதி கொள்வது என்னும் விதியும் உடன் மறைந்தது. எஞ்சியது சாவு பற்றியது மட்டும்: ஒருவர் இறந்து, அவர் தம் தேட்டத்தை மரணசாதனத்தாலோ வேறு வகையாலோ கொடுத்துவிடாதிருப்பின், அதில் பாதி மற்றவருக்கும் பாதி இறந்தவரின் உரிமையாளர்க்கும் ஆகும்.

நம் எட்டுப் பரப்பை இப்போது அளந்து பார்ப்போம். அது கணவனின் முதுசத் தோட்டத்தின் வருவாயால் அவன் பெயரில் வந்தது. எனவே 'அவனது' தேட்டம். மணம் முறிந்தால் அவள் பங்கு யாதும் இல்லை. பதினைந்து ஆண்டு உழைப்பு எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாதது புதிய பிரிவின் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பரப்பு மீண்டது. நான்கு பரப்பு போயிற்று. தனிவருவாயும் தனிச்சீதனமும் உடைய பெண்ணுக்குத் திருத்தம் ஆக்கமே. ஆசிரியையாகவோ தாதியாகவோ ஊதியம் பெற்றவளுக்கு அவ்வூதியம் கணவனின் பொதுவில் கரையாமல் தங்கியது. உழைப்பு மட்டும் உடையவளுக்கோ அது முழு இழப்பு. இவ்விருவரில் 1947-இல் யாழ்ப்பாணத்தில் எவர் மிகுதியாக இருந்தனர் என்பதை அறிஞர் எண்ணிக்கொள்வாராக.

நீதிமன்றமும் இம்மாற்றத்தை உடனே ஏற்கவில்லை. 1954-இல் தந்த ஒரு தீர்ப்பில், திருத்தத்துக்குப் பின்னும் தேட்டத்தின் பாதி மற்றைத் துணைவரைச் சேரும் என்னும் பழங்கொள்கை அழியவில்லை என்றே அது கொண்டது. எழுத்தினும் வழக்கு வலிது என நினைத்தனர் போலும். முப்பது ஆண்டுகட்கு மேல் அக்கொள்கை நின்றது. 1986-இல் உயர் நீதிமன்றம் அதனை விலக்கி, பெற்றவரின் தேட்டம் பெற்றவர்க்கே உரியது, மற்றவர்க்கு அவர் வாழ்நாளில் அதன்மேல் உரிமை இல்லை என்று முடிவு செய்தது. புதிய பிரிவின் சொற்களை நோக்க, 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பே இலக்கணப்படி சரியென்று நாமும் கருதுகின்றோம். 'ஒரு துணைவரின் தேட்டம்' என்னும் வேற்றுமைத்தொடர்க்கு வேறு பொருள் கொள்ள இயலாது. குறை தீர்ப்பில் இல்லை. எழுவாயில்லாத தொடருக்கு எழுவாய் ஒன்றைப் பூட்டிய சட்டவரைவிலேயே உள்ளது.

இதன்பின் மணமுறிவில் யாழ்ப்பாணப் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது என்ன? சீதன உறுதியில் எழுதியது அவளுடையதே. நிலத்தை அவள் விற்க வேண்டுமாயின், மணம் நிலவும் வரையில் கணவனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்னும் 1911-ஆம் ஆண்டு விதி இன்னும் உள்ளது. அவன் தக்க காரணமின்றி மறுத்தாலும் கைவிட்டுச் சென்றாலும் மாவட்ட நீதிமன்றத்தின் ஒப்புதலை நாடலாம். தேட்டத்தைத் தனித்தனியாக்கிய திருத்தம், ஒப்புதல் விதியைத் தொடாமல் விட்டது. அவள் பங்கை நீக்கும்போது இருவரும் தனியர். அவள் நிலத்தை விற்கும்போது மட்டும் இருவரும் ஒருவர். மணமுறிவுத் தீர்ப்பு வந்தபின்னரே இக்கட்டு அவிழும்.

சீதனத்திலும் உறுதியில் ஏறாத பகுதி ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார்க்குக் கையிற் கொடுக்கும் காசை யாழ்ப்பாணத்தில் 'டொனேசன்' என்பர். அது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகிச் சென்றுவிடும். அதனைத் திரும்பப் பெறுதல் அரிது. ஏட்டில் இல்லாத சீதனம் எங்கும் இல்லாத சீதனம்.

மற்றொன்று, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615-ஆம் பிரிவு. மணமுறிவுத் தீர்ப்பின்போது, தக்கதெனத் தோன்றின், ஒருவர் சொத்தில் ஒரு பகுதியை மற்றவர்க்கோ மக்கட்கோ எழுதித் தருமாறும், ஒரு தொகையை மொத்தமாகவோ தவணையாகவோ கொடுக்குமாறும் நீதிமன்றம் ஆணையிடலாம். நல்ல ஏற்பாடே. ஆயினும் பாதி என்பது கணக்கு. தக்கது என்பது கருத்து. முன்னதற்கு அவள் தன் பங்கைக் கேட்டாள். பின்னதற்கு நீதிபதியின் உள்ளத்தை அசைக்க வேண்டும். வழக்கறிஞர்க்குக் கொடுக்கவும் காசு வேண்டும்.

தமிழகத்தோடு ஒரு சொல் ஒப்பிட்டுச் செல்வோம். அங்கே சென்னை மாகாணச் சட்டம் ஒன்று 1949-இல் இந்துக்களுக்கு மணமுறிவை வழங்கிற்று. பின் 1955-இல் இந்தியா முழுமைக்கும் இந்து மணச்சட்டம் வந்தது. அதன் 27-ஆம் பிரிவு, மணத்தின்போது வழங்கப்பெற்று இருவர்க்கும் பொதுவாக உள்ள பொருள்களைப் பற்றியே பேசுகின்றது. மணவாழ்வில் ஈட்டியதைப் பகிர்தற்கு விதி அதில் இல்லை. சிலம்பைக் கண்ணகியின் பொருளென்றும், கோவலன் தொலைத்ததை அவன் குலப்பொருளென்றும் பிரித்துக்காட்டிய இலக்கியம் நம்மிடம் உண்டெனினும், அதனை வைத்துச் சட்டம் பேசுதல் முறையன்று. ஈட்டியதில் பாதி என்னும் கணக்கைச் சட்டத்தில் எழுதி வைத்திருந்த தமிழர் யாழ்ப்பாணத்தார். அதனை அழித்தவரும் அவர்களே.

இக்காரணத்தால் அகராதி தொகுப்பார்க்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். தேடியதேட்டம் என்னும் சொல்லுக்கு 'கணவன் மனைவியர் ஈட்டிய பொதுச்சொத்து' என்று மட்டும் பொருள் எழுதுதல் போதாது. சட்டவழக்கில் 1947-க்கு முன் அப்பொருளும், பின் 'ஒரு துணைவர் தம் தனிச்சொத்தைக்கொண்டல்லாமல் ஈட்டியதும், தனிச்சொத்தின் வருவாயும்' என்னும் பொருளும் ஆண்டு காட்டி எழுதப்பெறல் வேண்டும். ஊர்வழக்கைத் தனியே குறித்தல் நன்று. யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'தாயும் தகப்பனும் தேடின தேட்டம்' என்றே இன்றும் வருகின்றது. அவ்வும்மையைச் சட்டம் நீக்கியதைப் பேச்சு இன்னும் அறியவில்லை.